எண்களும் கூண்டு ஏறட்டும்

வங்கக் கடலில் புயல் உருவானால், சென்னைத் துறைமுகத்திலும் எண்ணூரிலும் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகின்றனர். பகலில் கூண்டு, இரவில் விளக்கு. 1 முதல் 11 வரை எண்கள். 11 என்றால் வானிலை மையத்துடன் தொடர்பே அற்றுவிட்டது என்று பொருள். "எத்தனையாம் நம்பர் கூண்டு?" என்று கேட்டே காசிமேட்டு மீனவர் ஆபத்தின் அளவை அறிந்துகொள்வர். எண்ணை எளிமையாகக் காட்டினால் அது உயிரைக் காக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நாம் சுவாசிக்கும் காற்றுக்கும் எண் உண்டு. 2015 முதல் நம் நாட்டில் காற்றின் தரம் 0 முதல் 500 வரை, ஆறு நிறங்களில் குறிக்கப்படுகிறது. நல்ல முயற்சியே. ஆயினும் 101-க்கும் 200-க்கும் ஒரே மஞ்சள் நிறம், 'மிதமானது' என்ற ஒரே பெயர்! நிறம் மட்டும் போதாது. அளவும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது நம் கருத்து.

அதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. 1786-இல் வில்லியம் பிளேஃபேர் ஸ்காட்லாந்தின் ஏற்றுமதி, இறக்குமதியைப் பட்டைகளாக வரைந்து காட்டினார். ஓராண்டுக் கணக்கு மட்டுமே அவரிடம் இருந்தது. அந்தக் குறையிலிருந்தே பட்டை வரைபடம் பிறந்தது! நாமும் அவ்வாறே செய்யலாம். நுண்துகள் பி.எம். 2.5-க்கு ஒரு நாளைய வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் என்பது நம் நாட்டு விதி. 15 என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-இல் கூறிய அளவு. ஒரு மைக்ரோகிராமுக்கு ஒரு மில்லிமீட்டர் எனக் கொண்டு, கட்டத்தாளில் 15-இலும் 60-இலும் இரு கோடுகள் இடுவோம். மணலி நிலையத்தில் பதிவாகும் அளவை நாளுக்கொரு பட்டையாக வரைவோம். ஏழே பட்டைகளில் ஒரு வாரத்தின் கதை விளங்கிவிடும்.

பட்டைகள் பூஜ்யத்தில் தொடங்கட்டும். ஒவ்வொன்றின் நுனியிலும் எண் இருக்கட்டும். இரண்டு மூன்று எண்களே இருந்தால் ஒரு வாக்கியமே போதும். கண்காட்சிகளில் நாம் வண்ணம் தீட்டி மகிழும் வட்ட விளக்கப்படம் அழகுதான்; ஆனால் கோணத்தைவிட நீளத்தையே கண் சரியாக அளக்கிறது என்று 1984-இல் கிளீவ்லாந்து, மெக்கில் என்னும் அமெரிக்க அறிஞர்கள் ஆய்ந்து காட்டினர்.

தோழியரே! திருவொற்றியூரிலும் இராயபுரத்திலும் வாழும் நமக்கு இந்த எண்கள் வெறும் தேர்வு வினா அல்ல. தம்பி தங்கையரின் மூச்சு. ஆகவே பள்ளி அறிவிப்புப் பலகையில் வாரந்தோறும் ஏழு பட்டைகள் ஏறட்டும். வாயிலில் காத்திருக்கும் அன்னையரும் அதைப் படித்தறியட்டும்!