கட்டுவிரியன் என்னும் படகு

பழைய பொருளொன்றை விலை பேசி வாங்குவதைக் காட்டிலும், வாங்கியதைப் பழுதின்றி வீடு கொண்டுவந்து சேர்ப்பதே பெரும்பாடு என்பதை நம்மில் பலர் பட்டறிந்திருக்கிறோம். அடுத்த ஊரில் வாங்கிய மரப் பீரோ மாட்டு வண்டியில் வரும்போதே கால் ஒன்று ஆட்டம் கண்டுவிடும். அவ்வாறாயின், கடல் கடந்த நாடொன்றில் பழைய விசைப்படகை வாங்கியவர் படும் பாட்டைச் சொல்லவும் வேண்டுமா?

படகுதானே, நீரில் விட்டால் தானே ஓடி வந்து சேராதா என்று தோன்றும். கரையோரத் தொழிலுக்கெனக் கட்டிய படகு பெருங்கடலைத் தாண்டுவது அரிது. தாண்டும் உறுதி உடலில் இருந்தாலும், எஞ்சினை முன்னவர் எவ்வாறு வைத்திருந்தார், அது எந்த நேரத்தில் நிற்கும் என்பதை வாங்கியவர் அறியார். ஆகவே படகைச் சரக்காக்கி மற்றொரு கப்பலின் மேல் ஏற்றுகின்றனர். அடிப்புறத்தில் இரண்டு அகன்ற பட்டைகளைக் கொடுத்துப் பாரந்தூக்கியால் மேலே எடுத்து, அதன் வடிவுக்கேற்பச் செய்த மரத் தொட்டிலில் அமர்த்தி, நாற்புறமும் இறுகக் கட்டுகின்றனர். பட்டை தவறான இடத்தில் விழுந்தால் சுக்கானோ சுழல்தண்டோ முறிந்துபோகும். மரப்படகாயின் இன்னொரு தொல்லையும் உண்டு. தளத்தின்மேல் நாட்கணக்கில் வெயில் காய்ந்தால் பலகைகள் சுருங்கி இடுக்குகள் விரியும். அவற்றில் அடைத்த கலப்பற்று தளர்ந்துவிடும். மீண்டும் நீரில் இறக்கிய முதல் நாட்களில் உள்ளே கசியும் நீரை இறைத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். பலகை ஊறிப் பருத்த பின்னரே கசிவு நிற்கும். கடற்கரைப் பங்குகளில் வாழும் நம் வாசகர்களுக்கு இவற்றை நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

இவ்வாறு சரக்காகி, ஒரு முறையன்று, இரு முறை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஒரு பழைய விசைப்படகின் வரலாற்றையே இத்திங்கள் வாசகர்முன் வைக்கிறோம். அந்தப் படகு இடையில் நம் நாகப்பட்டினத்துக்கும் வந்து போயிருக்கிறது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

1934-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டின் நாகஹாமாவில் கட்டப்பட்டது அது. நீளம் ஏறத்தாழ 21 மீட்டர்; அகலமோ மூன்றரை மீட்டருக்கும் குறைவு. ஓடம்போல் ஒடுங்கிய உடல். மீன்பிடி படகுகளிடமிருந்து மீனைப் பெற்றுச் சிங்கப்பூர்ச் சந்தைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதே அதன் அன்றாடத் தொழில். 'கோஃபுகு மாரு' என்பது அதன் பெயர். 'கோஃபுகு' என்னும் சொல்லுக்கு ஜப்பானிய மொழியில் மகிழ்ச்சி என்று பொருள். 1941 டிசம்பரில் போர் மூண்டதும் பிரித்தானியத் தரப்பினர் அதனைக் கைப்பற்றினர்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. அங்கிருந்து உயிர் தப்பக் கப்பலேறியோர் பலரின் கப்பல்களைக் குண்டுகள் மூழ்கடித்தன. சுமத்ராவுக்கு அருகிலுள்ள சிறு தீவுகளில் பெண்களும் குழந்தைகளும் காயமுற்றோரும் ஒதுங்கிக் கிடந்தனர். மலாயாவில் சுரங்கத் தொழிலில் இருந்த ஆஸ்திரேலியரான பில் ரேனால்ட்ஸ் என்பார் இந்தப் படகை எடுத்துக்கொண்டு அத்தீவுகளுக்கிடையே பல முறை சென்று, ஆயிரத்துக்கு மேற்பட்டோரை ஏற்றிச் சுமத்ராவின் இந்திரகிரி ஆற்றின் வழியே கரை சேர்த்தார். மீன் நாற்றம் போகாத அந்தத் தளத்தில் எத்தனை தாய்மார் மடியில் பிள்ளையோடு இருந்திருப்பர்! பின்னர் அவர் மலாக்கா நீரிணை வழியே வங்கக் கடலைத் தாண்டி நாகப்பட்டினம் வந்து சேர்ந்தார். 'ரஜூலா' கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த நம் முதியோர் கண்ட அதே துறை. கப்பலுக்கே அஞ்சத்தக்க அந்த வழியை, எதிரியின் விமானங்கள் மேலே சுற்றிய நாட்களில், ஒரு மீன் படகில் கடந்து வந்தார் என்பதை நாகை மக்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சுமத்ராவில் இருந்தபோது ரேனால்ட்ஸ் ஒரு பிரித்தானியப் படை அதிகாரியைச் சந்தித்திருந்தார். ஐவன் லயன் என்பது அவர் பெயர். இந்தப் படகைக் கண்டதும் லயனின் உள்ளத்தில் ஒரு துணிகர எண்ணம் பிறந்தது. ஜப்பானிய உருவமும் ஜப்பானியப் பழக்கமும் கொண்ட படகு இது. இதிலேறி எதிரியின் கடலுக்குள் நுழைந்து சிங்கப்பூர்த் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களைத் தகர்த்தால் என்ன? மேலிடமும் இசைந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து புறப்படுவது என்று முடிவாயிற்று. படகுக்குப் புதுப் பெயரும் வைத்தனர்: 'க்ரைட்'. நாம் கட்டுவிரியன் என்கிறோமே, அந்தப் பாம்பின் பெயர். மகிழ்ச்சி என்றிருந்த படகு நஞ்சுள்ள பாம்பாயிற்று. பெயர் சூட்டியவர் இதனை எண்ணிப் பார்த்தாரோ இல்லையோ, நமக்கு இது நெஞ்சில் தைக்கிறது.

எஞ்சினோ பழையது, நம்பத்தக்கதன்று. இந்துமாக்கடலைத் தானாகக் கடக்க அது இடங்கொடுக்கவில்லை. ஆகவே 1942-ஆம் ஆண்டின் இறுதியில் பம்பாயில் 'ஷில்லாங்' என்னும் சரக்குக் கப்பலில் படகை ஏற்றிச் சிட்னிக்கு அனுப்பினர். போர்க்காலத்தில் அத்தனை தொலைவு சரக்கு போய்ச் சேர்வது உறுதியன்று. 'ஷில்லாங்' கப்பலே 1943 ஏப்ரலில் அட்லாண்டிக் கடலில் நீர்மூழ்கிக் கப்பலால் மூழ்கடிக்கப்பட்டது. ஆனால் அம்முறை அது கொண்டுசென்ற மரப்படகு நலமாகச் சிட்னி சேர்ந்தது.

லயனின் குடும்பத்துக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. அவருடைய மனைவி காப்ரியேல் பிரெஞ்சு நாட்டவர். சிங்கப்பூர் வீழுமுன் அவரும் கைக்குழந்தையான மகனும் ஆஸ்திரேலியாவுக்குத் தப்பிச் சென்றிருந்தனர். இந்தியாவில் இருந்த கணவரை அடையவேண்டி 1942 மே மாதத்தில் இருவரும் 'நான்கின்' என்னும் கப்பலேறினர். நடுக்கடலில் ஜெர்மானியப் போர்க்கப்பலொன்று அதனைப் பிடித்துக்கொண்டது. தாயும் பிள்ளையும் ஜப்பானில் கைதிகளாயினர். அவர்கள் இந்தியாவை நோக்கிப் புறப்பட்டதும், லயன் ஆஸ்திரேலியாவை நோக்கிப் புறப்பட்டதும் ஒரே ஆண்டில். படகு கடல் கடந்தது, குடும்பம் கடக்கவில்லை. பின்னர் அவர் மேற்கொண்ட செயல்களில் இந்தத் துயரத்தின் பங்கு எவ்வளவு என்பதை அவரே அறிவார்.

சிட்னி சேர்ந்ததோடு படகின் தொல்லை தீர்ந்துவிடவில்லை. 1943 ஜனவரி 18-ஆம் நாள் வடக்கே கெய்ன்ஸ் நோக்கிப் புறப்பட்டது; வழியெல்லாம் எஞ்சின் நின்று நின்று போயிற்று. திட்டத்தையே கைவிடும் நிலை. இறுதியில் தாஸ்மானியாவிலிருந்து ஆறு சிலிண்டர் கொண்ட கார்ட்னர் டீசல் எஞ்சின் ஒன்றை வரவழைத்துப் பொருத்தினர். ஆகஸ்டில் கெய்ன்ஸை விட்டு, நாட்டின் மேற்குக் கரையிலுள்ள எக்ஸ்மவுத் வளைகுடாவை அடைந்தனர். அங்கிருந்து கிளம்பும் வேளையில் சுழல்தண்டு முறிந்தது! அருகில் நின்ற அமெரிக்கப் பழுதுபார்க்கும் கப்பலின் தொழிலாளர் அதனைச் சீர்செய்து கொடுத்தனர். பழைய படகு வாங்கி அல்லற்பட்டோர் யாரேனும் இதனைப் படித்தால், தம் கதையையே படிப்பதாக எண்ணக்கூடும்.

1943 செப்டம்பர் 2-ஆம் நாள் பதினான்கு பேருடன் க்ரைட் கடலில் இறங்கியது. ஜப்பானியக் கொடி பறந்தது. ஆட்கள் உடலில் மை பூசிக் கைலி உடுத்தியிருந்தனர். மணிக்கு ஆறு ஏழு கடல் மைல் வேகத்தில், எதிரியின் கண்காணிப்பில் இருந்த கடலில், அவர்கள் வாரக்கணக்கில் ஊர்ந்து சென்றனர். சிங்கப்பூருக்கு அருகே ஆறு பேர் மூன்று மடக்குத் தோணிகளில் இறங்கிக்கொண்டனர். செப்டம்பர் 26-ஆம் நாள் இரவு அவர்கள் கப்பல்களின் அடியில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வெடிகளைப் பொருத்தி மறைந்தனர். விடியுமுன் வெடிகள் வெடித்தன. ஏழு கப்பல்கள் மூழ்கியோ சேதமுற்றோ போயின என்பது அன்றைய கணக்கு. அறுவரும் மீண்டு வந்து படகேறினர். அக்டோபர் 19-ஆம் நாள் க்ரைட் எக்ஸ்மவுத் வளைகுடாவுக்குத் திரும்பியது. பதினான்கு பேரில் ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை.

வீரக் கதைகள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே முற்றுப்பெறுகின்றன. நாம் சிங்கப்பூருக்குத் திரும்பிச் செல்வோம்.

கப்பல்களைத் தகர்த்தவர் யார் என்பது ஜப்பானியருக்கு விளங்கவில்லை. ஆயிரக்கணக்கான மைல் தொலைவிலிருந்து ஒரு மீன் படகில் வந்து செய்திருப்பர் என்று யார்தான் நினைப்பர்? சாங்கிச் சிறையில் அடைபட்டிருந்த ஐரோப்பியக் குடிமக்கள் மறைவாக வானொலி வைத்துக்கொண்டு, ஊரில் உள்ளோரின் துணையோடு இதனை நடத்தினர் என்று இராணுவக் காவல் படையினர் ஐயுற்றனர். அக்டோபர் 10-ஆம் நாள் சிறையைச் சோதனையிட்டுக் கைது செய்யத் தொடங்கினர். மொத்தம் 57 பேர். அவர்களைக் கூண்டுகளில் நெருக்கி அடைத்து மாதக்கணக்கில் வதைத்தனர். 15 பேர் இறந்தனர். சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் ஆயர் லெனார்டு வில்சனும் வதைக்கப்பட்டோருள் ஒருவர். மருத்துவமனையொன்றில் சிற்றுண்டிக் கடை நடத்தி, சிறைப்பட்டோருக்கு மறைவாக உதவிவந்த எலிசபெத் சோய் என்னும் பெண்மணி ஏறத்தாழ இருநூறு நாட்கள் அக்கூண்டில் கிடந்தார். இவர்களில் ஒருவருக்கேனும் க்ரைட் பற்றி எதுவும் தெரியாது. தெரியாத ஒன்றை ஒப்புக்கொள்ளும்படி இரவும் பகலும் அடித்தால் அவர்கள் எதனைச் சொல்வர்?

அந்த அக்டோபர் 10-ஆம் நாள் க்ரைட் இன்னும் கடலில்தான் இருந்தது. லொம்பொக் நீரிணையை நெருங்கிக்கொண்டிருந்தது. படகில் இருந்தோர் யாரும் சிங்கப்பூரில் நிகழ்வதை அறியார். ஆனால் அவர்கள் ஊர் திரும்பிய பின்னரும் நேச நாட்டுத் தலைமை இச்செயலை வெளியிடவில்லை. மீண்டும் ஒரு முறை இதே வழியில் தாக்க எண்ணியிருந்ததால் மௌனம் காத்தனர். போரில் மறைபொருள் காப்பது இயல்பு என்று அறிவோம். எனினும் 'செய்தவர் நாங்களே' என்ற ஒரு சொல் வெளிவந்திருந்தால் அந்தக் கூண்டுகளில் சிலரேனும் பிழைத்திருப்பரோ என்னும் கேள்வியை நம்மால் ஒதுக்க இயலவில்லை. சொல்லியிருந்தாலும் வதைத்தோர் நம்பியிருக்கமாட்டார் என்பாரும் உளர்.

அந்த மறு தாக்குதல் 1944-இல் நிகழ்ந்தது. அதற்கு க்ரைட்டைக் கொண்டுசெல்லவில்லை. சென்ற 23 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. சிலர் சண்டையில் மடிந்தனர். பத்துப் பேரை 1945 ஜூலையில், போர் முடிய ஐந்து வாரங்களே இருந்தபோது, ஜப்பானியர் தலை வெட்டிக் கொன்றனர். லயன் 1944 அக்டோபரிலேயே மடிந்தார். அவர் மனைவியும் மகனும் சிறையிருப்பிலிருந்து உயிருடன் மீண்டனர். அவர்களை அவர் மறுபடி காணவே இல்லை. ஆயிரம் பேரைக் கரை சேர்த்த ரேனால்ட்ஸும் போர்னியோவில் பிடிபட்டு 1944-இல் கொல்லப்பட்டார்.

படகு மட்டும் எஞ்சியது. போர் முடிந்ததும் போர்னியோவுக்குச் சென்று, சண்டக்கானில் மரத் தொழில் நடத்திய நிறுவனமொன்றின் கைக்கு விலையாயிற்று. மீண்டும் ஒரு புதுப் பெயர், மீண்டும் ஆற்றோரத்தில் கூலி வேலை. பின்னாளில் ஆஸ்திரேலியர் சிலர் அதனை அடையாளம் கண்டு தம் நாட்டுக்குச் செய்தி சொன்னார்கள். பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி, அந்தப் பழைய விசைப்படகை விலை கொடுத்து வாங்கினர். வாங்கியதை எவ்வாறு கொண்டுவருவது என்ற பழைய கேள்வி மறுபடியும் எழுந்தது. மறுபடியும் அதே விடைதான்: கப்பலொன்றின் மேல்தளத்தில் ஏற்றிப் பிரிஸ்பேன் வரை கொண்டுவந்தனர். அங்கிருந்து சிட்னிக்குத் தன் எஞ்சினாலேயே ஓடி வந்தது. 1964 ஏப்ரல் 25-ஆம் நாள், அந்நாட்டார் போரில் மாண்டோரை நினைவுகூரும் அன்சாக் நாளன்று, சிட்னித் துறைமுகத்தில் அதனை வரவேற்றனர்.

பல ஆண்டுகள் அது கடலோரக் காவல் தொண்டர்களின் பயிற்சிப் படகாக உழைத்தது. 1985-இல் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் உடைமையாயிற்று. 1988 முதல் சிட்னியின் டார்லிங் துறையில், தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் மிதக்கிறது. தாக்குதலின் 75-ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி 2018-இல் போர்க்காலத்து உருவத்துக்கு அதனை மீட்டுச் சீரமைத்தனர்.

சிங்கப்பூரில் அந்தக் கூண்டுகள் இருந்த ஒய்.எம்.சி.ஏ. கட்டிடம் இன்று இல்லை. அதனை இடித்து அவ்விடத்தில் புதிதாகக் கட்டிவிட்டனர். வாயிலருகே, சாலையோரத்தில், அங்கு நிகழ்ந்ததைச் சொல்லும் நினைவுக் குறி ஒன்று நிற்கிறது. வேலை தேடிச் சிங்கப்பூர் சென்றுள்ள நம் பிள்ளைகள் ஆர்ச்சர்டு சாலை வழியே போகும்போது அதனருகே சற்று நின்று படித்துவிட்டுச் செல்லலாம்.