மன்னாரில் ஏற்றம் இல்லை, காற்று இருக்கிறது



"பிள்ளை கியர் சைக்கிள் கேட்டு அடம்பிடிக்கிறான், வாங்கிக் கொடுக்கலாமா சேர்?" என்று பெற்றோர் பலர் எங்களிடம் கேட்கிறார்கள். தவணை முறையில் காசு கட்டி வாங்கும் குடும்பங்களும் இருப்பதால் இதைப் பொதுவில் பேசுவது நல்லது என்று நினைக்கிறோம்.

கியர் என்பது ஏற்றத்துக்கானது என்பார்கள். கண்டியிலும் நுவரெலியாவிலும் அது சரி. எங்கள் தீவில் மேடே கிடையாது. ஆனால் மே முதல் செப்டம்பர் வரை சோளகம் அடிக்கிறது. அந்தக் காற்றை நம்பித்தான் 2020இல் எங்கள் தென்கரையில் 30 காற்றாலைகளை நிறுத்தினார்கள். அந்தப் பெரிய இறக்கைகளைச் சுற்றும் அதே காற்றுக்கு எதிரேதான் எங்கள் பிள்ளைகள் பெடல் மிதிக்கிறார்கள். ஏற்றம் என்றால் ஏறி முடிந்ததும் இறக்கம் வரும். காற்றுக்கு அப்படி ஒரு முடிவு இல்லை.

கணக்கைப் பாருங்கள். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். மணிக்கு 15 கிலோமீற்றரில் போகும் பிள்ளைக்கு எதிரே 25 கிலோமீற்றர் காற்று வந்தால், உடம்பில் படுவது 40 கிலோமீற்றர் காற்று. காற்றில்லாத நாளைவிடத் தடை ஏழு மடங்கு.

அப்படியென்றால் 21 கியர் வேண்டுமா? வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அவற்றில் பாதிக்கு மேல் மலைக்கானவை, இங்கே தேவைப்படாது. உப்புக் காற்றும் மணலும் கியர் மாற்றும் கம்பியையும் ஸ்பிரிங்கையும் சீக்கிரம் பிடித்துவிடும். பிறகு அந்த சைக்கிள் ஒரே கியரில் இறுகி நிற்கும். வீண்விரயம் கூடாதென்று குத்பாவில் கேட்கிறோம், இதுவும் அதில் அடங்கும்.

செலவு குறைந்த வழி ஒன்று இருக்கிறது. வீட்டில் நிற்கும் 28 அங்குல சாதாரண சைக்கிளில் முன் செயின் வீலுக்கு 44 பல், பின் பிரீவீலுக்கு 18 பல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறை பெடல் சுற்றினால் சுமார் ஐந்தரை மீற்றர் போகும். பிரீவீலை 22 பல்லுக்கு மாற்றினால் நாலரை மீற்றர்தான் போகும். ஆனால் காலுக்கு வேண்டிய பலம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். செயினில் ஒரு கண்ணி கூட்ட வேண்டி வரலாம். சைக்கிள் கடையில் சிறிய வேலைதான்.

காற்றில்லாத நாளில் வேகம் குறையுமே என்று கேட்பீர்கள். குறையும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 20 கிலோமீற்றருக்குக் கிட்ட போனவர் 16இல் போவார். பாடசாலைக்குப் போக 16 போதும். இரண்டும் வேண்டுமென்றால் 20 பல் நடுவழி. முசலிப் பக்கம் போல தூரப் பயணம் தினமும் போகிறவர்கள், பின்னால் மட்டும் ஏழு கியர் உள்ளதை வாங்கி, வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் விட்டால் பயன் உண்டு.

நெதர்லாந்தும் எங்களைப் போல தட்டை நிலம், கடற்காற்று. அங்கே புயல் காற்று அடிக்கும் நாளில் கடல் தடுப்பணை மேல் எட்டரை கிலோமீற்றர் எதிர்காற்றுப் போட்டி வைக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி, கியர் இல்லாத சாதாரண சைக்கிள்தான்.

இன்னொன்று, சீற். வளரும் பிள்ளைகளின் சீற் பழைய உயரத்திலேயே கிடக்கிறது. பெடல் கீழே போகும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்கும் அளவுக்கு உயர்த்துங்கள். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

இது சின்ன விசயம் இல்லை. வியர்த்துக் களைத்து வந்து சேரும் பிள்ளைக்கு முதல் இரண்டு பாடமும் தலையில் ஏறாது. பின்னேர வகுப்பைச் சோளகத்தில் விட்டுவிடும் பிள்ளைகளில் பெண்பிள்ளைகள் அதிகம். படிக்க மனமில்லை என்று அவர்கள் மீது பழி போடுமுன், உம்மாவும் வாப்பாவும், ஆசிரியர்களாகிய நாங்களும், அந்த சைக்கிளின் பின் பற்களை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம்.

சோளகம் தொடங்குமுன் செய்துவிடுங்கள். சைக்கிள் வேலை தெரிந்தவர்கள் கீழே உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.