எவர் காசில் எவர் விமானம்?

பதுளை, பசறை, ஹாலி-எல, பண்டாரவளைத் தோட்டங்களிலே சீட்டுப் பிடிக்காத லயம் அரிது. கொழுந்து பறித்த கையாற் பெண்கள் எண்ணிக் கொடுக்கும் அந்தக் காசுக்கு நாள் உண்டு, பேர் உண்டு, கணக்கு உண்டு. நூறு ரூபா பிசகினாலும் அன்றிரவு லயத்திலே உறக்கம் இராது. இவ்வாறு சில்லறை சேர்த்துப் போர் விமானம் வாங்கலாமா என்று ஒருவர் கேட்டால் நகைக்கவே தோன்றும். நகைக்க வேண்டாம். சில்லறை சேர்த்து விமானம் வாங்கிய வரலாறு உலகில் உண்டு. அதிலே நமக்கும் பங்கு உண்டு.

1940ஆம் ஆண்டிலே பிரித்தானியா, 'ஸ்பிட்பயர்' ஒன்றுக்கு 5,000 பவுண் என விலை குறித்துப் பேரரசின் மூலைமுடுக்கெல்லாம் உண்டியல் குலுக்கியது. சென்னை மாகாணம் கொடுத்தது. 79, 234, 264ஆம் படையணிகள் அதன் பெயரைத் தாங்கின. இலங்கையும் கொடுத்தது, 102ஆம் குண்டுவீச்சுப் படையணி 'சிலோன்' என்னும் பெயருடன் யோக்சயரிலிருந்து ஜேர்மனிமீது பறந்தது. இட்லரை எதிர்க்கக் கொடுத்த காசைப் பழிப்பது எமது நோக்கமன்று. ஆயின், அன்று இலங்கையின் செல்வம் என்பது யாது? தேயிலையும் இறப்பரும் தெங்கும் அல்லவா? அதே 1940இல் ஊவாவின் வெவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து போராடிக்கொண்டிருந்தனர். 1947இல் பதுளையிலிருந்து தம் பிரதிநிதி ஒருவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய அம்மக்களை, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. வானத்திலே இலங்கையின் பெயர் பறந்தது. அப்பெயருக்குப் பொருள் தேடிக்கொடுத்தவனோ மண்ணிலே இலங்கையன் அல்லன் ஆயினான்!

குடியுரிமை போயிற்றே, வரி போயிற்றா? சவர்க்காரக் கட்டி விற்கும் கடைக்காரர் எவரிடமும் குடியுரிமைப் பத்திரம் கேட்பதில்லை. 1959இல் வாங்கப்பட்ட 'ஜெட் புரொவஸ்ட்' விமானங்கள் 1971இலே இந்நாட்டு இளைஞர்மீதே குண்டு வீசின. 1996இல் 'கிபீர்' வந்தது. 2000இல் 'மிக்-27' வந்தது. வடக்கு கிழக்கிலே தமிழர் குடியிருப்புகள்மீது வீழ்ந்த குண்டுகளுக்கு மலையகத் தமிழனும் சதம் சதமாகக் காசு கொடுத்தான். கொடுக்கச் சம்மதமா என்று அவனை எவரும் கேட்டாரில்லை. 1990களிலே பாதுகாப்பின் பெயராலேயே ஒரு வரி இருந்தது. 2002இல் அது பெறுமதி சேர் வரிக்குள் அடங்கிற்று; பெயர் மறைந்தது, சுமை மறையவில்லை.

அந்நிய நாட்டிலே நடந்த ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். பிரித்தானிய விமானப்படை கைவிட்ட 'வல்கன்' என்னும் பழைய ஜெட் குண்டுவீச்சு விமானம் ஒன்றைப் பொதுமக்களின் நன்கொடையும் லொத்தர் நிதியும் 2007இல் மீண்டும் பறக்கச் செய்தன. 2015வரை அது காட்சிக்காகப் பறந்தது. எமக்கு இது வீண் செலவாகவே தோன்றுகிறது. ஆயினும் அது கொடுத்தவனின் விருப்பம். கொடாதவனை எவரும் வற்புறுத்தவில்லை.

இங்கே நடந்தது என்ன? 2006இல், 1980களின் தொடக்கத்திற் செய்யப்பட்ட நான்கு பழைய 'மிக்-27' விமானங்களை உக்ரைனிலிருந்து வாங்கவும், முன்பிருந்தவற்றைப் பழுதுபார்க்கவும் 1 கோடி 40 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட உடன்படிக்கை செய்யப்பட்டது. இடையிலே மூன்றாம் தரப்பு நிறுவனம் ஒன்று எவ்வாறு புகுந்தது என்று 2007இலே 'சண்டே லீடர்' கேட்டது. அதன் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 சனவரி 8ஆம் நாள் கொல்லப்பட்டார். இரண்டையும் முடிச்சிட்டுத் தீர்ப்புரைப்பது நீதிமன்றின் வேலை, எமது வேலையன்று. கேட்ட கேள்வியைக் கைவிடாதிருப்பது எமது வேலை.

தோட்டத் தொழிலாளியின் நாட்கூலியை 2021இன் 1,000 ரூபாவிலிருந்து 2024இலே 1,350 ரூபாவாக்குவதற்குள் எத்தனை பேச்சு, எத்தனை வழக்கு! 350 ரூபாவிலே காட்டிய கண்டிப்பிற் காற்பங்கையேனும் அந்த டொலர்களிலே காட்டினரா? கொழுந்து நனைந்திருந்தால் நிறையிலே கழிக்கத் தெரிந்த நாட்டுக்கு, விமானப் பேரத்திலே கழிக்கவேண்டியதைக் கழிக்கத் தெரியாதா?

பதுளை மாவட்டத்து வாக்குகளால் பாராளுமன்றம் சென்றோரை நாம் கேட்கின்றோம். அந்தக் கொள்வனவின் முழுக் கணக்கையும் தமிழிலே சபையில் வைக்கச் செய்யுங்கள். முதற் கேள்வி இதுவாகட்டும்: நான்கு விமானங்களுக்கென்று கொழும்பிலிருந்து சென்ற பணத்தில் உக்ரைனைச் சென்றடைந்தது எவ்வளவு?