டெலோமியர் மாத்திரையும் அத்தானின் கண்ணும்



"டெலோமியரை நீளமாக்கி இளமையை மீட்கும்" மாத்திரையின் விளம்பரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்றாவது முறையாக வந்துவிட்டது. அத்தான் ஒருவர் மாதாமாதம் பென்ஷன் பணத்தில் அதை வாங்குகிறார். கேட்டால், "அதற்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்களே" என்கிறார்.

கொடுத்தது உண்மைதான், 2009-ல். குரோமோசோமின் நுனி பிரியாமல் காப்பது டெலோமியர், கயிற்று நுனியில் போடும் முடிச்சு மாதிரி. செல் பிரியும் ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் தேயும். ஆனால் பிரியவே பிரியாத செல்லுக்கு?

இங்கே நான் ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். உடம்பின் எல்லா செல்லும் ஏழு வருஷத்தில் மாறிவிடும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அது சரியில்லை. குடலின் உள்பூச்சு செல்கள் நாலைந்து நாளில் மாறிவிடும். ரத்தச் சிவப்பணு 120 நாள் இருக்கும். இதயத் தசையிலோ 25 வயதில்கூட வருஷத்துக்கு நூற்றில் ஒரு செல்தான் புதிதாகிறது. ஸ்வீடனின் ஃப்ரிசென் குழு இதைக் கண்டுபிடித்த விதமே அழகு. 1950-களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்துவிட்ட கார்பன்-14, செல்லின் டி.என்.ஏ.வில் பிறந்த தேதி போலப் பதிந்திருக்கிறது. பெருமூளைப் புறணியின் நரம்பு செல்களுக்கு நம் வயதேதான் என்பதும் அப்படித்தான் தெரிந்தது.

கண் லென்ஸின் நடுப்பகுதிப் புரதம் இன்னும் பழையது. தாய் வயிற்றில் இருந்தபோது உருவானது, பிறகு மாற்றப்படுவதே இல்லை. பல வருஷ வெயிலிலும் சர்க்கரையிலும் சிதைந்து திரளும்போது கண்புரை வருகிறது. இதில் டெலோமியருக்கு என்ன வேலை?

டெலோமியரை நீட்டும் டெலோமரேஸ் நொதி எங்கே அதிகம் வேலை செய்கிறது தெரியுமா? புற்றுநோய் செல்களில். பத்தில் ஒன்பது புற்றுநோய்களில் அதைப் பார்க்கலாம். மாத்திரை நிஜமாகவே வேலை செய்தால்தான் எனக்குக் கூடுதல் பயம்.

தசையின் கதை வேறு. 1990-ல் பாஸ்டனில் தொண்ணூறு வயதுக்காரர்களை எட்டு வாரம் எடை தூக்க வைத்தார்கள். கால் பலம் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது.

அத்தான், இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். கண்புரை ஆபரேஷனுக்கு டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. "இந்த வயசில் எதற்கு" என்று அதைத் தள்ளிப்போட்டுவிட்டு இந்த மாத்திரைக்குப் பணம் கட்டுகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன். ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வருகிறேன்.