கேட்கப்படாத கேள்வி!

மாடமதுரையிலே ஒரு மனிதன் வெட்டுண்டு வீழ்ந்தான். கோவலன் அவன் பெயர். குற்றஞ்சாட்டியவன் பொற்கொல்லன், துப்புக் கூறியவனும் அவனே, சாட்சியும் அவனே! தீர்ப்பளித்தவன் பாண்டியன், தீர்ப்புப் பிறந்த இடமோ அறங்கூறும் அவையன்று, ஊடிச் சென்ற அரசியின் சினம் தணிக்க அவன் விரைந்துகொண்டிருந்த வழி! குற்றஞ்சாட்டப்பட்டவனை அழைத்துக் கேட்டார் உண்டா? இல்லை. அவன் சார்பிலே எழுந்து நின்று, "மன்னா! அரசியாரின் சிலம்பிலே உள்ள பரல் எது? இவன் கையிலுள்ள சிலம்பின் பரல் எது?" என்று கேட்டார் உண்டா? இல்லை. ஒரே ஒரு கேள்வி! முத்தா, மாணிக்கமா என்ற அந்த ஒரு கேள்வி உரிய நேரத்திலே எழுந்திருந்தால், கோவலன் தலை தப்பியிருக்கும். கொற்றவன் உயிர் தப்பியிருக்கும். கூடல் மாநகரும் தீக்கிரையாகாமல் தப்பியிருக்கும்.

கண்ணகி அந்தக் கேள்வியைக் கேட்டாள். இளங்கோவடிகள் அந்தப் பகுதிக்கு வழக்குரை காதை என்றே பெயரிட்டார். வழக்கிலே வென்றாள் அந்த வீரத் தமிழணங்கு. ஆனால், வென்றபோது அவளுடைய கட்சிக்காரன் கொலைக்களத்திலே பிணமாகக் கிடந்தான்! காலந்தாழ்ந்து வந்த கேள்வி நீதியை நிலைநாட்டிற்று, உயிரை மீட்கவில்லை.

தோழர்களே! குற்ற வழக்குகளிலே வாதாடும் வழக்கறிஞரின் வேலை என்ன என்று எவரேனும் கேட்டால், நான் இந்தச் சிலம்பைத்தான் காட்டுவேன். கேட்க வேண்டிய கேள்வியை, கேட்க வேண்டிய இடத்திலே, கழுத்து அறுபடுவதற்கு முன்னே கேட்பதுதான் அவர் வேலை.

ஆனால் நாடு என்ன பேசுகிறது? "கொலைகாரனுக்காக வாதாடுகிறாரே, இவருக்கு நெஞ்சமே இல்லையா? கொள்ளையனைக் காப்பாற்றக் கறுப்பு அங்கி எதற்கு?" என்று தேநீர்க் கடையிலே பேசுகிறார்கள், திண்ணையிலே பேசுகிறார்கள், படித்தவர்களும் பேசுகிறார்கள். நம் நீதிமன்ற வழக்கிலே குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு 'எதிரி' என்று பெயர். முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்று எண் போட்டு அழைப்பார்கள். யாருக்கு எதிரி? எப்போது எதிரியானான்? குற்றம் மெய்ப்பிக்கப்படும் முன்னரே பெயரை எதிரி என்று வைத்துவிட்டால், அவனுக்காகப் பேசுபவன் எதிரியின் நண்பனாகத்தானே தெரிவான்! சொல்லிலேயே தீர்ப்பு ஒளிந்திருக்கிறது.

"குற்றமற்றவனாக இருந்தால் அவனே உண்மையைச் சொல்லி மீண்டு வரட்டுமே! இடையிலே வழக்கறிஞர் எதற்கு?" என்று கேட்போர் உண்டு. நான் நாடகம் எழுதுகிறவன். 1952இல் வந்த 'பராசக்தி'யிலே குணசேகரன் கூண்டில் நின்று தன் வழக்கைத் தானே பேசினான். கொட்டகை அதிர்ந்தது, நாடு கைதட்டியது. அதற்குப் பிறகு நாடகம் எழுதிய எங்களில் எவருக்குத்தான் கூண்டுக் காட்சி எழுத ஆசையில்லை? ஆனால் ஒன்றை மறவாதீர்கள். மேடையிலே கூண்டில் நிற்பவனுக்கு வசனம் எழுதித் தர ஆசிரியன் இருக்கிறான். உண்மைக் கூண்டிலே நிற்கும் உழவனுக்கு யார் எழுதித் தருவார்? சாட்சிச் சட்டத்தை அவன் அறிவானா? குற்றப்பத்திரிகையின் மொழி அவனுக்குப் புரியுமா? நாக்கு உலர்ந்து, நடுங்கும் கைகளைக் கூப்பி, "எனக்கு ஒன்றும் தெரியாது சாமி" என்பான். அதோடு அவன் வாதம் முடிந்தது!

கடல் கடந்த நாட்டிலே நடந்த கதையொன்று இதற்குச் சான்று. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலே, 1961இல், கிளாரன்ஸ் கிடியன் என்ற ஏழை ஒருவன் விளையாட்டு விடுதி ஒன்றிலே புகுந்து திருடியதாகக் கூண்டிலேற்றப்பட்டான். "வழக்கறிஞர் வைக்கப் பணமில்லை; அரசு அமர்த்தித் தர வேண்டும்" என்று கேட்டான். மரண தண்டனை வழக்குக்கு மட்டுமே அந்த உதவி என்றது மன்றம். தானே வாதாடினான், தோற்றான், ஐந்தாண்டுச் சிறை. சிறைக்குள்ளிருந்தபடி, சிறைத் தாளிலே, பென்சிலால் முறையீடு எழுதி உச்சநீதிமன்றத்துக்கு அனுப்பினான். 1963 மார்ச் 18 அன்று அந்த மன்றம், ஏழைக்கு வழக்கறிஞர் இல்லையேல் அது நேர்மையான விசாரணை ஆகாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டிலே மறு விசாரணை. அதே ஊர், அதே குற்றச்சாட்டு, அதே மனிதன்! ஒன்றே ஒன்றுதான் புதிது: பக்கத்திலே ஒரு வழக்கறிஞர். முதல் விசாரணையிலே தங்குதடையின்றிச் சாட்சி சொன்னவனை அவர் குறுக்கு விசாரணை செய்தார். ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலே ஜூரிகள் குற்றவாளி அல்லன் என்றனர்!

ஏழைக்கு மட்டுமா இந்தத் தேவை? நம் நாட்டுக்கு வாருங்கள். ஏழிசை மன்னர் எம்.கே. தியாகராச பாகவதர் வீதியிலே வந்தால் ஊரே திரண்ட காலம். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் சிரிப்பிலே சீர்திருத்தம் விதைத்த காலம். 1944 நவம்பரிலே சென்னை வேப்பேரியில் இலட்சுமிகாந்தன் என்ற பத்திரிகையாளர் குத்தப்பட்டு, மறுநாள் மாண்டார். புகழின் உச்சியிலிருந்த இருவரும் கைதாயினர். 1945 மே மாதம் ஜூரிகளிலே அறுவர் குற்றவாளி என்றனர். மூவர் அல்லர் என்றனர். பெரும்பான்மை வென்றது. ஆயுள் தண்டனை! சென்னை உயர்நீதிமன்ற மேல்முறையீடும் தோற்றது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போயிற்று. மேல்முறையீட்டை மீண்டும் விசாரிக்குமாறு திரும்பி வந்தது. வி.எல். எத்திராஜ் எழுந்து நின்று சாட்சியங்களை அலசினார். 1947 ஏப்ரலிலே இருவரும் விடுதலை!

இடையிலே இழந்த ஆண்டுகளை யார் திருப்பித் தந்தார்? பாகவதருக்குப் பழைய வாழ்வு திரும்பவேயில்லை. ஆனாலும், அவர்களிடம் கடல் தாண்டி வழக்கு நடத்தப் பொருள் இருந்தது. பெயர்பெற்ற வழக்கறிஞர்கள் இருந்தனர். எண்ணிப் பாருங்கள் தோழர்களே! அதே சாட்சியத்தின் பேரிலே, அதே ஜூரிகளின் முன்னே, கூலி வேலை செய்யும் குப்பன் ஒருவன் நின்றிருந்தால் இலண்டன் வரை போயிருப்பானா? ஆயுள் சிறை அவனை விழுங்கியிருக்கும். அவன் குற்றமற்றவன் என்பதை அவன் மனைவியைத் தவிர வேறு எவரும் அறிந்திருக்கமாட்டார்.

இன்னொரு வழக்கு. 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரிலே முன்னாள் பிரதமர் இராசீவ் காந்தி கொல்லப்பட்டார். அவருடன் காவலர்களும் பொதுமக்களும் மாண்டனர். கொடிய செயல், தமிழகம் கண்ணீர் வடித்தது. 1998 சனவரியிலே பூவிருந்தவல்லித் தனி நீதிமன்றம் 26 பேருக்குத் தீர்ப்பு வழங்கிற்று. அத்தனை பேருக்கும் தூக்கு! காவல் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே சான்றாகும் என்ற தடா சட்டத்தின் கீழ் நடந்த வழக்கு அது. அன்றைய சூழலிலே அவர்களுக்காகப் பேசுவது எளிதா? தேசத்துரோகிப் பட்டம் தயாராகக் காத்திருந்த நேரம்! மூத்த வழக்கறிஞர் என். நடராசன் உச்சநீதிமன்றத்திலே வாதாடினார். 1999 மே 11 அன்று தீர்ப்பு வந்தது. 26 பேரில் 19 பேர் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டனர். மூவரின் தூக்கு ஆயுளாயிற்று. நால்வருக்கு மட்டுமே உறுதியாயிற்று. அந்த நால்வரின் தண்டனையும் பின்னர் குறைக்கப்பட்டு, 2022இல் எஞ்சியிருந்த எழுவரும் விடுதலையாயினர்.

பத்தொன்பது கழுத்துகள்! கயிறு முறுக்கப்பட்டு விட்டது; பலகை இழுக்கப்பட வேண்டியதுதான் பாக்கி என்ற நிலையிலே, கேள்வி கேட்க ஒருவர் எழுந்ததால் மீண்ட பத்தொன்பது கழுத்துகள்!

"அப்படியானால் மெய்யான கொலையாளியும் தப்பிவிடுவானே!" என்பாருக்கு ஒன்று சொல்வேன். 2008 நவம்பரிலே மும்பையைக் குருதியால் நனைத்த கசாபுக்கும் நீதிமன்றம் வழக்கறிஞர் தந்தது. உச்சநீதிமன்றம் வரை அவன் தரப்பு கேட்கப்பட்டது. 2012 நவம்பரிலே தண்டனை நிறைவேறிற்று. வழக்கறிஞர் இருந்ததால் உண்மை ஓடிவிடவில்லை, தீர்ப்பு உறுதிப்பட்டது. கேள்விக்கு அஞ்சுவது பொய்தான்; மெய் அன்று. குற்றமற்றவன் தூக்கிலே தொங்கும்போது, குற்றம் செய்தவன் வெளியே உலவுகிறான் என்பதையும் மறக்கலாகாது. கொலையுண்டவன் வீட்டுக் கண்ணீருக்கு அது ஆறுதலாகுமா?

இதற்காக, கறுப்பு அங்கி அணிந்தோர் அனைவரும் கண்ணியர் என்று நான் சான்றிதழ் தரவில்லை. பொய்ச் சாட்சிக்குப் பாடம் சொல்லித் தருகிறவனை வழக்கறிஞன் என்று நான் ஒப்பமாட்டேன். அவன் நாடக ஆசிரியன், அதிலும் மட்டமான நாடக ஆசிரியன்! அதைப்போலவே, "இந்த வழக்கிலே எங்கள் சங்கத்தார் எவரும் ஆஜராகமாட்டோம்" என்று தீர்மானம் போடுவோரையும் நான் ஒப்பமாட்டேன். கோவையிலே வழக்கறிஞர்களுக்கும் காவலர்களுக்கும் மூண்ட மோதலிலே, காவலர்களுக்காக எவரும் வாதாடக்கூடாது என்று தீர்மானம் நிறைவேறிற்று. 2010 திசம்பரிலே உச்சநீதிமன்றம், இத்தகைய தீர்மானங்கள் அரசியல் சட்டத்துக்கும் தொழில் அறத்துக்கும் மாறானவை, செல்லாதவை என்று கூறிற்று. நம்மைத் தடியால் அடித்த காவலனுக்கும் வழக்கறிஞர் உண்டு என்பதுதான் அறம். பகைவனுக்குக் கிடைக்காத உரிமை, நாளை நமக்கும் கிடைக்காது.

இனி, நம் கடமைக்கு வருவோம். விருப்பமான வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமையை அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு தருகிறது. இலவச சட்ட உதவி அரசின் கடமை என்று 1976இல் 39-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. காவலிலே இருப்பவர், பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோர்க்கு வருமானம் பாராமல் வழக்கறிஞர் தர வேண்டும் என்கிறது 1987ஆம் ஆண்டுச் சட்டம். ஏட்டிலே அத்தனையும் இனிக்கிறது! ஆனால் சிறைக் கதவைத் திறந்து பாருங்கள். 2022 முடிவிலே இந்தியச் சிறைகளில் இருந்தோரில் நான்கில் மூவர் தண்டனை பெற்றவர் அல்லர். விசாரணையை எதிர்நோக்கிக் கிடந்தவர்! யார் அவர்கள்? மாளிகைவாசிகளா? ஆலை முதலாளிகளா? சேரியிலும் குடிசையிலும் பிறந்தவர்களே மிகுதி. பிணை கிடைத்தும் பிணையாளி கிடைக்காதவர். வழக்கறிஞர் பெயர் தாளிலே இருந்தும் அவர் முகம் பாராதவர்.

ஆகவே கேட்கிறோம்: காவல் நீட்டிப்புக்காக முதன்முதல் நடுவர்முன் நிறுத்தப்படும் அன்றே, ஏழைக்கு அருகிலே வழக்கறிஞர் நிற்க வேண்டும். சட்ட உதவி வழக்கறிஞருக்கு அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கு நிகரான ஊதியம் வேண்டும். அரை வயிற்றுக்கு வாதாடுபவரிடம் முழு நீதி எதிர்பார்க்கலாமா? நம் கட்சி வழக்கறிஞர் அணியினரே! மாநாட்டுப் பந்தலில் முதல் வரிசை நாற்காலி உங்களுக்கு உண்டு, மறுக்கவில்லை. மாதம் ஒருமுறை உங்கள் ஊர்க் கிளைச்சிறை வாயிலுக்கும் செல்லுங்கள். உள்ளே இருப்பவன் எந்தக் கட்சி என்று கேளாதீர்கள். நீதிமன்றத்திலே 'கட்சிக்காரன்' என்ற சொல்லுக்குக் கொடியின் நிறம் கிடையாது!

உள்ளே அடைபட்டுக் கிடப்பவர்களிலே எத்தனை கோவலர்களோ, யார் கண்டார்? அவர்கள் சிலம்பின் பரல் எதுவென்று உடைத்துக் காட்டும் கை, கொலைவாள் ஓங்கும் முன்னே நீளட்டும்!