முதல் முட்டையும் உப்புத் தண்ணீரும்

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் காலை எங்கள் வீட்டுக் கோழிக் கூண்டில் முதல் முட்டை கிடந்தது. வைகாசியில் நாலு வாரக் குஞ்சாக வாங்கி, பருந்துக்கும் கீரிக்கும் தப்பவைத்து வளர்த்த கோழி. ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு இதைவிடப் பெரிய செய்தி என்ன இருக்கிறது? மனைவியைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு முட்டையைக் கையில் எடுத்தேன். விரல் உள்ளே போய்விட்டது. ஓடே இல்லை, வெறும் தோல். மஞ்சள் கரு முழங்கை வரைக்கும் வழிந்தது.

எட்டுக் குஞ்சு வாங்கினேன். இரண்டைக் கீரி கொண்டுபோனது. மீதி ஆறில் ஒன்று சேவல், ஐந்து பெட்டை. அடுத்த பத்து நாளில் நாலு பெட்டைகள் முட்டை வைக்கத் தொடங்கின. தோல் முட்டை, இல்லாவிட்டால் தொட்டால் நொறுங்கும் முட்டை. கோழிகளைப் பார்த்தால் ஒரு நோயும் தெரியவில்லை. கொண்டை சிவந்து, நன்றாகத் தின்று, ஓடியாடிக்கொண்டுதான் இருந்தன.

கடையில் கேட்டேன். சத்துக் குறைவு என்றார்கள். முட்டைக் கோழித் தீவனம் ஒரு மூட்டையும் கால்சியம் டானிக் ஒரு பாட்டிலும் வாங்கி வந்தேன். இரண்டு வாரம் கொடுத்தும் ஓடு தேறவில்லை. மூன்றாவது வாரம் சிவப்புக் கோழி வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு மூலையில் நின்றது. முட்டை உள்ளேயே மாட்டிக்கொண்டது. வெந்நீரில் உட்காரவைத்தோம், விளக்கெண்ணெய் தடவினோம். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் போய்விட்டது. ஓடு இல்லாத முட்டையை அழுத்தி வெளியே தள்ளுவது கோழிக்குக் கடினம் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் எதிர் வீட்டுப் பெண்மணி வந்து கூண்டை எட்டிப் பார்த்தார். இருபது வருஷமாக உப்பளத்தில் வேலை செய்கிறவர். தண்ணீர்ச் சட்டியில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

“போர் தண்ணியா சார்? இந்தத் தண்ணியில பருப்பே வேகாது. முட்டை மட்டும் எப்படி ஓடு கட்டும்?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. முப்பத்து நாலு வருஷம் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்தியவன் நான். எங்கள் இரண்டு பேருக்கும் கேன் தண்ணீர் வாங்குகிறேன். இரண்டு வருஷம் முன்பு வடிகட்டி மாட்ட வந்த பையன் மீட்டரைப் போர் தண்ணீரில் விட்டுப் பார்த்து, “இதைக் குடிக்காதீங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தத் தண்ணீரைத்தான் கோழிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்னதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 2024இல் மானிய விலையில் கிடைத்த குஞ்சுகளை அவரும் வளர்த்தார். புரட்டாசிக் கடைசியில் அவையும் தோல் முட்டை வைத்தன. தோல் முட்டை வீட்டுக்கு ஆகாது என்று மாமியார் சொல்ல, எல்லாவற்றையும் கறிக்கு விற்றுவிட்டார். மழை தொடங்கினால் உப்பளத்தில் வேலை நின்றுபோகும் என்பது மரக்காணத்துக்காரர்களுக்குத் தெரியும். அந்த மூன்று மாதத்துக்கு முட்டைக் காசை நம்பித்தான் அவர் கோழியே வாங்கினார். அந்த வருஷம் நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் வந்தது. பாத்திகள் எல்லாம் வெள்ளத்தில் மூழ்கின. உப்பு வாரும் வேலை வழக்கத்தைவிடத் தள்ளிப்போனது. “அந்தக் கோழிங்க இருந்திருந்தா கடைக் கடனாவது அடைஞ்சிருக்கும் சார்” என்றார். அந்தக் கோழிகளிடம் எந்தத் தவறும் இல்லை.

திண்டிவனத்தில் ஒரு நண்பர் இருக்கிறார், கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். “உங்க எதிர் வீட்டம்மா சொன்னதுதான் சரி” என்றார். 1980களில் ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். லிட்டருக்கு 2 கிராம் உப்பு கலந்த தண்ணீரைக் கோழிகளுக்குக் கொடுத்தார்கள். கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் இது நாக்கில் லேசாகக் கரிக்கும் அளவுதான். கோழிகள் வழக்கம்போலத் தின்றன, முட்டையின் எண்ணிக்கையும் குறையவில்லை. ஓடு மட்டும் கெட்டது. நல்ல தண்ணீருக்கு மாற்றிய பிறகும் உடனே சரியாகவில்லை.

காரணத்தையும் விளக்கினார். ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய இருபத்தைந்து மணி நேரம் ஆகிறது. அதில் இருபது மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போய்விடும், பெரும்பகுதி இரவில். ஓடு என்பது கால்சியம் கார்பனேட், நம் ஊர்க் கிளிஞ்சலில் இருக்கிற அதே பொருள். அதற்குக் கால்சியம் மட்டும் போதாது. இரத்தத்திலிருந்து பைகார்பனேட்டும் ஓடு கட்டும் பைக்குப் போய்ச் சேரவேண்டும். உப்புத் தண்ணீர் குறைப்பது அதைத்தான். நான் வாங்கிய டானிக் ஏன் பலிக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. கொத்தனாருக்குச் செங்கல்லை அடுக்கிக்கொண்டே இருந்தேன், கலவை வந்து சேரவில்லை.

இளங்கோழிக்கு முதல் சில வாரங்கள் எப்படியும் தடுமாற்றம்தான். புறா முட்டை அளவில் ஒன்று வைக்கும், மறுநாள் இரட்டைக் கரு வைக்கும், ஒன்றிரண்டு தோல் முட்டையும் வரும். உடம்பு பழகும் வரை அப்படித்தான். அதற்காக யாரும் பயப்பட வேண்டாம், கத்தியைத் தீட்டவும் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேலும் ஓடு தேறாவிட்டால் முதலில் தண்ணீரைப் பாருங்கள். தீவனத்தை அதற்குப் பிறகு பார்க்கலாம். நம் கரையோர ஊர்களில் மருந்துக்கடைக்குப் போவதற்கு முன் செய்யவேண்டிய முதல் காரியம், கோழியின் தண்ணீரை நாமே நாக்கில் வைத்துப் பார்ப்பது.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். போர் தண்ணீரை அன்றே நிறுத்தினோம். ஐப்பசி கார்த்திகை மழைதானே, மொட்டை மாடியிலிருந்து வரும் குழாயின் கீழே ஒரு டிரம் வைத்தேன். முதல் மழைத் தண்ணீரைத் தரையில் விட்டுவிட்டுப் பிறகு பிடித்து மூடிவைத்தோம். 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அதிகாரிகளுக்குக் காட்டுவதற்காகப் போட்ட குழாய் அது. இருபத்திரண்டு வருஷம் கழித்து உண்மையான வேலைக்கு வந்தது. சட்டியை நிழலில் வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் மாற்றுகிறோம். வெயிலில் வைத்த தண்ணீர் என்ன ஆகும் என்று உப்பளத்து ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சலை இரண்டு நாள் மழைத் தண்ணீரில் ஊறவைத்து, உப்புப் போகக் கழுவி, காயவைத்து, நொய் அளவுக்கு இடித்துத் தனித் தட்டில் சாயங்காலம் வைத்தேன். மாவாக்கக் கூடாது. கொஞ்சம் பெரிதாக இருந்தால்தான் இரைப்பையில் தங்கி, ஓடு கட்டுகிற இரவு நேரத்தில் மெதுவாகக் கரையும். தீவனத்தில் கலக்கவும் கூடாது. முட்டை வைக்காத சின்னக் கோழிக்கு அந்தக் கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். தனியாக வைத்தால் வேண்டிய கோழி வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும். முட்டைக் கோழித் தீவனத்தையும் முதல் முட்டைக்கு ரொம்ப முன்னாலேயே தொடங்காதீர்கள் என்று நண்பர் எச்சரித்தது இதனால்தான்.

இன்னொன்று கருவாட்டுத் தலை. நம் பக்கத்தில் கோழிக்கு அதைப் போடாத வீடு கிடையாது. புரதம் நல்லதுதான், ஆனால் கூடவே உப்பும் போகிறது. ஒரு மணி நேரம் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவிப் போடுங்கள். ஊறுகாய் மிச்சமும் குழம்பு மிச்சமும் வேண்டவே வேண்டாம். பிறகு இருட்டான மூலையில் ஒரு கூடை, அதில் வைக்கோல். முதல் முட்டைக்கு இடம் தேடி அலையும் கோழியை யாரும் துரத்தக் கூடாது. பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்திருந்தால் இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை.

“எங்க பாட்டி இதெல்லாம் பார்த்தாங்களா? கோழி தானா வளர்ந்துச்சே” என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். பாட்டியின் கோழியை யாரும் அடைத்துவைக்கவில்லை. மணல் மேட்டு ஊற்றுத் தண்ணீரில் கழுவிய அரிசிக் கழுநீரையும், மழைக் குட்டையையும் அது குடித்தது. நத்தையும் கறையானும் தின்றது. பன்னிரண்டு பதினைந்து முட்டை வைத்துவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். வருஷத்துக்கு அறுபது எழுபது முட்டைதான். இன்று நாம் வாங்குவது மேம்படுத்திய இனம், வருஷத்துக்கு நூறுக்கு மேல் வைக்கக்கூடியது. அதைக் கம்பி வலைக்குள் அடைத்துவிட்டு, போர் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் கிடைக்காமலும் செய்துவிட்டோம். வேலையைக் கூட்டிக் கூலியைக் குறைத்த கதை. அந்தக் கதை உப்பளத்து ஊருக்குப் புதிதில்லை.

“மனுஷனுக்கே நல்ல தண்ணி இல்ல, கோழிக்கா?” என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. கணக்குப் பார்ப்போம். ஒரு கோழி ஒரு நாளைக்குக் கால் லிட்டர் குடிக்கும், கோடையில் கொஞ்சம் கூடும். ஆறு கோழிக்கு ஒன்றரை லிட்டர். 20 லிட்டர் கேன் ஒன்று பதின்மூன்று நாள் வரும். எங்கள் தெருவில் நாட்டுக்கோழி முட்டை ஒன்று பதினைந்து ரூபாய்க்குக் குறைவதில்லை. உடையாத மூன்று நாலு முட்டையில் அந்தக் கேனின் விலை வந்துவிடும். மழைக்காலத்தில் அந்தச் செலவும் இல்லை.

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். கிராமத்துப் பெண்களுக்கு அரசு மானியத்தில் நாலு வாரக் குஞ்சுகளைக் கொடுப்பது நல்ல திட்டம். ஆண்டுதோறும் பிப்ரவரியில் வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி முகாம் நடத்துகிறார்கள், அதுவும் நல்லது. ஆனால் ஒரு வீட்டில் கோழி நிலைக்குமா, கறிக்குப் போகுமா என்று முடிவாவது ஆறாவது மாதத்தில், அந்த முதல் நாலைந்து வாரத்தில்தான். அந்த நேரத்தில் ஒருவர் வந்து தண்ணீரை ருசி பார்த்து, “பொறும்மா, விக்காதே” என்று சொன்னால் போதும். குஞ்சு கொடுக்கும் அன்றைக்கே, “உப்புத் தண்ணீர் ஊரானால் மழைத் தண்ணீர் பிடித்து வையுங்கள்” என்று ஒரு துண்டுத் தாளில் அச்சடித்துக் கொடுக்கலாம். கோவளம் முதல் வேதாரண்யம் வரை கரையோர ஊர்களுக்கு இந்த ஒரு வரி உதவும். நாமக்கல் பண்ணைக்கு எழுதிய யோசனையை நம் ஊருக்கு அப்படியே கொடுத்தால், டானிக் பாட்டில்தான் விற்பனையாகும்.

இப்போது எங்களிடம் நாலு பெட்டை. பொங்கலுக்குள் மூன்று கோழிகள் கெட்டியான ஓட்டோடு வைக்கத் தொடங்கிவிட்டன. ஒன்று மட்டும் இன்னும் மெல்லிய ஓடுதான் வைக்கிறது. நண்பர் எச்சரித்தபடி, ஆரம்பத்தில் கெட்டது சில கோழிகளுக்கு முழுதாகத் திரும்புவதில்லை போலிருக்கிறது. அந்தத் தவறு என்னுடையது. அதன் முட்டையை மட்டும் நான் பார்த்து எடுத்து, அன்றே ஆம்லெட் போட்டுவிடுகிறோம்.

எதிர் வீட்டுப் பெண்மணி மறுபடி குஞ்சு வாங்கியிருக்கிறார், பத்து. வருகிற மழைக்கு முன் அவை பருவத்துக்கு வந்துவிடும். எங்கள் வீட்டுப் பழைய டிரம் ஒன்றை அவர் வீட்டுக் கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் வைத்துக் கொடுத்திருக்கிறேன். மாமியாரிடம் தோல் முட்டையைப் பற்றி நானே பேசிப் பார்த்தேன். “பார்க்கலாம் வாத்தியாரே” என்றார். முழுச் சம்மதம் இல்லைதான். ஆனாலும் இந்த முறை இரண்டு வாரம் பொறுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.