சுபாவத்தின் மேல் பழி போடாதே!

கல்லூரியில் படிப்பு கெட்டுவிட்டது என்று கூச்சல் போடுகிறார்கள். யார் காரணம்? "விரிவுரையாளர்தான்! அவருக்குச் சுபாவம் சரியில்லை, திறமை போதாது" என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். அவர் பொறுப்புள்ளவரா, பதற்றக்காரரா, கலகலப்பானவரா என்று கேள்வித்தாள் கொடுத்து மார்க் போடும் வித்தையும் வந்திருக்கிறது.

இந்தப் பேச்சு நமக்குப் புதிதா? மட்டப் பஞ்சைப் போடுவார்கள். தேய்ந்த ஸ்பிண்டிலை மாற்ற மாட்டார்கள். இருவர் பார்த்த ரிங் பிரேமை ஒருவர் தலையில் கட்டுவார்கள். இழை அறுந்தால், "உனக்குக் கைவேகம் இல்லை" என்று மெமோ! தண்ணீர் விடாத வயலில் நாற்று கருகினால், நட்ட பெண்ணையா குற்றம் சொல்வது?

சுபாவமும் திறமையும் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கடைசிப் பெஞ்சுப் பையனுக்கும் புரியும்வரை சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர் உண்டு. இருபது வருஷத்துப் பழைய நோட்டை ஒப்பிக்கிறவரும் உண்டு. பின்னவருக்காக நாம் வக்காலத்து வாங்க மாட்டோம். அந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பது நம் பிள்ளைகள் அல்லவா? வயிற்றைக் கட்டிப் படிக்க வைக்கிற நமக்கு, நல்ல ஆசிரியரைக் கேட்கும் உரிமை எவரையும்விட அதிகம்.

ஆனால் திறமை வானத்திலிருந்து விழுகிறதா? பாடம் தயாரிக்க நேரம் வேண்டும், புத்தகம் வேண்டும், நாளைக்கும் வேலை உண்டு என்ற நிம்மதி வேண்டும். கொடுத்தார்களா?

கணக்கைப் பாருங்கள், தோழர்களே! ஏழாவது சம்பளக் கமிஷன்படி நிரந்தர உதவிப் பேராசிரியரின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று 2019-இல் பல்கலைக் கழக மானியக் குழு சொன்னது. தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் 2024-இல் அவர்கள் வாங்கியது 25,000! அதே பாடம், அதே பரீட்சை. கூலி மட்டும் பாதிக்கும் கீழே. கௌரவம் பெயரில்தான் இருந்தது!

அளக்கும் லட்சணமும் இதுதான். 2010-இல் மானியக் குழு பதவி உயர்வுக்குப் புள்ளிக் கணக்கு வைத்தது. கட்டுரை அச்சானால் புள்ளி. என்ன நடந்தது? காசுக்குக் கட்டுரை போடும் கடைகள் பெருகின. 2018-இல் 4,000-க்கும் மேற்பட்ட சஞ்சிகைகளை மானியக் குழுவே தன் பட்டியலிலிருந்து நீக்கியது. கல்லூரி ஆசிரியர் பதவி உயர்வில் அந்தக் கணக்கையும் அதே வருஷம் கைவிட்டது. புள்ளியைத் தேடி ஓடிய காலத்தில் வகுப்பில் காத்துக் கிடந்த பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

நாம் கேட்பது இதுதான்: காலியிடங்களில் நிரந்தர ஆசிரியரைப் போடு! சம வேலைக்குச் சம ஊதியம் கொடு! நூலகத்தைத் திற, தயாரிக்க நேரம் கொடு! அதன்பின் உழைக்காதவரைக் கேள்வி கேள்; மாணவர் சொல்லையும் காதில் வாங்கு. அப்போது நாமும் கூட வந்து கேட்போம்.

முதலில் நல்ல பஞ்சைப் போடு. பிறகு நூலின் தரத்தைப் பார்!